பாதி விலைப் பயணம்

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க," என்றாள் மனைவி, அடுப்பில் கொதித்த கோழிக்குழம்பைக் கிளறியபடி.

கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு வருஷக்கணக்கா நச்சரிச்சே. பாதி விலைக்கு டிக்கெட் கிடைச்சதும் வரலைங்கிறியே?"

"முட்டி வலிக்குது. என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திடுங்க."

"முட்டி வலிக்கிறவ விடிஞ்சதுலேருந்து நின்னுக்கிட்டே விருந்து சமைக்கிறியா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குள் இவர் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அவள் உதடுகள் 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்தன.

"நீ வராம நான் நகர மாட்டேன்." அவர் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. அவள் ஓடுவதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வாசலில் மகள் நின்றாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று நான்கு வருடங்களுக்கு முன் அவர் துரத்திவிட்ட மகள்.

"நான்தாங்க வரச் சொன்னேன். அவளைத் திட்டாதீங்க!"

மகள் திருதிருவென்று விழித்தாள். "அம்மா, நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே அப்பா கூப்பிட்டுட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு."

கணவர் மகளின் பையை வாங்கிக்கொண்டார்.

"குழம்பைக் கட்டி எடுத்துக்க. மூணு டிக்கெட் போட்டிருக்கேன்," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே.