ஆறரை மணிக்குக் குட் நைட்

கால் இன்னும் முழுசாகக் கடைக்குள் போகவில்லை.

"குட் நைட்" என்றாள் மிஸ் அல்வினா.

அவன் திரும்பி நடந்தான்.

மூன்றாவது சாயங்காலமாக இதே கதை. மணி ஆறரைதான். படியேறுகிறவனிடம் வந்த காரியம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல், போய்ப் படு என்று சொல்கிற ஊரை அவன் கண்டதில்லை.

கரீபியக் கடலில் அந்தத் தீவு ஒன்றும் பெரிதில்லை. பஸ் டிரைவர் பலமாகத் தும்மினால் வண்டி கடலில் போய் நிற்கும். ஆறு கிடையாது. குளம் கிடையாது. கூரையில் விழும் மழை, வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். வருஷம் முழுக்கக் குடிக்க, குளிக்க அதுதான்.

அந்த வருஷம் மேகங்கள் தீவு வரைக்கும் வந்தன. எட்டிப் பார்த்தன. இடம் போதாது என்று அடுத்த தீவுக்குப் போய்விட்டன.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கோழி தவறி அவன் வீட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. உள்ளேயே ஒரு முட்டையிட்டுவிட்டு, இறக்கையில் புழுதியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தது.

இனி லாரித் தண்ணீர்தான். லாரி மிஸ் அல்வினாவுடையது. பெயர் கொடுக்க அவள் கடைக்குப் போக வேண்டும். பகலெல்லாம் கடை பூட்டியிருக்கும். போனில் சொன்னால் எழுத மாட்டாள். முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

பார்த்துத்தான் போகச் சொல்கிறாள்.

அவன் கோவில்பட்டிக் கணக்கு வாத்தியார். அங்கே வாங்கியதைப் போல ஆறு மடங்கு சம்பளம் என்று இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூன்று மாதம். தண்ணீர்ப் பஞ்சம் அவனுக்குப் புதிதில்லை. ஊரில் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், நாலு பேரை ஏச வேண்டும், நாலு ஏச்சு வாங்க வேண்டும். தண்ணீர் கிடைத்துவிடும். அதில் ஒரு முறை இருந்தது.

இங்கே யாரும் ஏசவில்லை. மரியாதையாக விரட்டினார்கள்.

பஸ்ஸில் ஏறினால் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பும். எதையோ எதிர்பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். அவன் பேசாமல் போய் உட்காருவான். தலைகள் ஜன்னல் பக்கம் போய்விடும். தபால் ஆபீசிலும் அப்படித்தான். ஆடுகள்கூட அவனைக் கண்டால் மெல்லுவதை நிறுத்தின.

இரண்டாம் நாள் வேலியோரம் நின்று கடையை வேவு பார்த்தான்.

ஒரு கிழவர் உள்ளே போனார். குட் நைட் என்றாள். அவரும் குட் நைட் என்றார். பெஞ்சியில் உட்கார்ந்து ரம் கேட்டார்.

மீனோடு ஒருத்தன் போனான். அவனுக்கும் அதே. அவனும் உட்கார்ந்தான்.

ஏழு பேரைப் போகச் சொன்னாள். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

மானங்கெட்ட கூட்டம் என்று முடிவு கட்டினான். தான் அப்படியில்லை.

இன்று வெறுங்கையோடு வீடு திரும்பியபோது அவன் மனைவி செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். காலையில் பருப்பைக் கழுவிய அதே தண்ணீர். இனி அது பாத்திரங்களையும் கழுவியாக வேண்டும். நடந்ததைச் சொன்னான்.

அவள் நிமிரவில்லை.

"போவச் சொல்லுதவ சிரிச்சிக்கிட்டா சொல்லுவா?"

"அதுதான் விஷம்."

 வெள்ளிக்கிழமை விமானத்தில் டிக்கெட் சொல்லியிருப்பதாக மட்டும் தெரிவித்தாள். ஒரு டிக்கெட். நாளைக்குள் தொட்டியில் தண்ணீர் விழுந்தால் ரத்து செய்யலாமாம்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் லாரி தானாக வந்தது.

யாரும் பெயர் கொடுக்கவில்லை. இந்தியன் வீட்டுத் தொட்டி காய்ந்த சங்கதி பக்கத்து வீட்டுக்காரி வாய் வழியாகக் கடைக்குப் போய்விட்டது. மிஸ் அல்வினாவின் தம்பி கிளென்ராய் லாரியிலிருந்து இறங்கினான். இறங்கி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவு உயரம். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"குட் நைட்."

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கடையில் வைத்துச் சொன்னது பத்தாதென்று, டீசல் செலவழித்து வீடு தேடி வந்து சொல்கிறார்கள்.

கைலியை மடித்துக் கட்டினான். வெளியே வந்தான். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு அதற்குக் குறுக்கே நின்றான்.

கிளென்ராய் பதில் வணக்கத்துக்குக் காத்திருந்தான். அது வராமல் குழாயைத் தொட மாட்டான். வளர்த்த விதம் அப்படி.

ஐந்து நிமிஷம் போயிற்று.

லாரிக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. நாலு ஆடுகள் வந்து அதைக் குடித்தன. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தன. போய்விட்டன.

கடைசியில் கிளென்ராய் தொப்பியைத் தலையில் வைத்தான். லாரிப் படியில் கால் வைத்தான்.

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேட்டுக்கு மேலாக எட்டி, கிளென்ராயைப் பார்த்து, நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள்.

"குட் நைட்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் அவன் பக்கம் நின்றது அன்றுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளென்ராய்க்கு முகமெல்லாம் பல்.

அவள் கேட்டைத் திறந்தாள்.

போகச் சொன்னவன் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தொட்டிக்குள் தண்ணீர் விழுந்தது. முதலில் தகரத்தில் கல் விழுகிற மாதிரி. பிறகு தண்ணீர் மாதிரியே.

அவன் இன்னும் வெளியேதான் நின்றிருந்தான்.

அவள் கேட்டில் கை வைத்தபடி அவன் பக்கம் திரும்பினாள். மடித்துக் கட்டிய கைலியைப் பார்த்தாள். இருட்டிவிட்டது. அவள் முகம் தெரியவில்லை.

"குட் நைட்" என்றாள்.