கேரியரில் இடமில்லை

கோவிந்தராஜுலுவுக்கு நடுக்குவாதம். வாசற்படியைத் தாண்ட முடியாமல் கால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சைக்கிளில் ஏற்றிவிட்டால் போதும், உக்கடம் குளக்கரை வரை தனியாகவே மிதித்துப் போய்வருவார். தினமும் ஓட்டட்டும் என்றார் டாக்டர். ஓட்டிவிட்டு வந்ததும் கை நடுங்காது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார்.

இளைய தாரம் ராமாமணிக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. அவர் தனியாகப் போகும்போதும் பின்சக்கரத்து டயர் பாரம் ஏற்றியது போல அமுங்கியிருந்தது.

"ஏனுங்க, நானும் கேரியர்ல உக்காந்துட்டு வாரேனுங்க."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எடமில்ல அம்மணி."

செத்துப்போன மூத்த தாரம் வெங்கடம்மாளின் படத்துக்கு ஆடிதோறும் புதுப்பட்டு வைத்துக் கும்பிடுவது அந்த வீட்டு வழக்கம். இந்த ஆடியில் ராமாமணி மட்டமான நூல்சேலை ஒன்றைப் படைத்தாள். படைக்க வாங்கியிருந்த அரக்குநிறப் பட்டுச்சேலையைத் தனக்கென்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை அவர் ஓட்டிவிட்டு வந்து, பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். படத்தின் முன் நூல்சேலை வைத்தபடியே இருந்தது. ராமாமணி இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் கீழ்க்கரையில் சைக்கிள் செயின் கிரீஸ் ஈரமாக அப்பியிருந்தது.