தெளிவான படம்

காகம் செம்பருத்திச் செடியில் வந்து உட்கார்ந்ததை நான் கேமரா வழியாகத்தான் பார்த்தேன்.

அதே நேரத்தில் படுக்கையறை டிவியில் என் மனைவியும் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் அந்தச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்ததைப் பார்த்ததும், சமையலறை ஜன்னலோரம் கேமராவை நிறுத்தினேன். அங்கிருந்து வயர் இழுத்து அவள் கால்மாட்டில் இருந்த டிவியில் சொருகிவிட்டேன்.

மூன்று நாளாக எங்கள் வீட்டில் சீரியல் கிடையாது. மூன்று குஞ்சுகள்தான். பெரியதுக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர் வைத்தாள். கடைசிக்கு அழுமூஞ்சி. நடுவில் இருந்தது என்னைப் போலவே அசமந்தமாம். வலி மாத்திரை கேட்பதைக்கூட மறந்திருந்தாள்.

"ஐயோ, விரட்டுங்க! சீக்கிரம் விரட்டுங்க!"

ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். அந்தக் காகம் என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

பின்கதவுத் தாழ்ப்பாள் மழையில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, சாப்பாட்டு ராமன் போய்விட்டது என்று உள்ளிருந்து அவள் அலறல் சொன்னது. வெளியே ஓடிச் செருப்பைக் கழற்றி வீசினேன். அது மதில்சுவரில் பட்டு விழுந்தது.

காகம் அசரவில்லை. கடைசிக் குஞ்சையும் கவ்விக்கொண்டுதான் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் தாய்க்குருவி அலகில் புழுவோடு வந்தது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. புழுவைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

உள்ளே போய் முதலில் டிவியை அணைத்தேன்.

அவள் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பித் துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியாது. என் வேட்டி நுனியால் துடைத்துவிட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? மறைப்புக்கு ஒரு இலைகூட இல்லாத இடமாப் பாத்துக் கட்டியிருக்கு. புத்தி கெட்ட குருவி."

குருவி புத்தியோடுதான் கட்டியிருந்தது. கூட்டை மூடியிருந்த இலைக்கொத்தை, டிவியில் அவளுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று கத்தரித்துப் போட்டவன் நான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.