ஒரே கிண்ணத்தில் இரண்டு இலைகள்

"மூணு வருஷத்துக்கு முந்தின ஒரிஜினல் ஃபைலைத் தெறந்து காட்டுங்க, டாக்டர்."

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றே முனீராவுக்குச் சொல்லியிருந்தார்கள்: உன் வழிகாட்டி ரத்னவேலிடம் எதை வேண்டுமானாலும் கேள், பழைய ஃபைலை மட்டும் கேட்காதே.

கேட்டுவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ரத்னவேல் சிரித்தார். "அடுத்த வாரம் வைவா. போய்த் தூங்கு லா. உங்க வீட்டுல மொத பட்டதாரி, இப்போ மொத டாக்டர்."

அதுதான் அவளை அரித்தது. சிங்கப்பூர் புக்கிட் மேரா அடுக்குமாடியில் அம்மா அதை மாடி மாடியாகச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த டாக்டர் பட்டம் நின்றது ஒரே ஒரு எண்ணின் மேல். அவள் ஆராய்ந்த காட்டு இஞ்சியின் மரபணுத்தொகுதி அதன் உறவு இனத்தைவிடப் பத்து சதவீதம் சிறியது. ஆகவே இது புது இனம். அவள், ரத்னவேல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்துவிட்டது. எண் பொய்யென்றால் பட்டமும் இல்லை.

அளப்பது பெரிய வித்தையில்லை. இலையை நறுக்கி, உட்கருக்களுக்குச் சாயமேற்றி, கருவியில் ஓடவிட வேண்டும். அளவு தெரிந்த பட்டாணி இலையையும் அதே கிண்ணத்தில் சேர்த்து நறுக்க வேண்டும். இஞ்சிச் சாறு சாயத்தைத் தடுத்தால் பட்டாணிக்கும் அதே கதிதான், ஒப்பீடு பிசகாது. தனித்தனியாக நறுக்கினால் இஞ்சி மட்டும் சிறுத்துக் காட்டும்.

சேர்த்து நறுக்கியதாகத்தான் கட்டுரை சொன்னது. போன வாரம் மூன்று நாள், நாளுக்கொரு செடியாக, முனீரா சேர்த்து நறுக்கிப் பார்த்தாள். மூன்று நாளும் அந்தப் பத்து சதவீதத்தைக் காணோம்.

ரத்னவேல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஃபைலைத் திறந்தார்.

காலையில் பட்டாணி. மதியம் இஞ்சி. இரண்டும் ஒன்றாக ஓடவே இல்லை.

"சரி, இப்போ யாரைப் புடிக்கப் போறே?" திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஓட்டுனவங்க பேரைப் படி."

முனீரா பிந்தே சாகுல் ஹமீது.

சேர்ந்த இரண்டாவது வாரம். யாரும் சொல்லித்தரவில்லை. தெரியாது என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

"பேரு தெரியும், டாக்டர். தேதிதான் மறந்துபோச்சு."

கைப்பேசியில், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தில் தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. தவறு யாருடையது என்ற வரியை நேற்றே எழுதியிருந்தாள்.

தேதியைத் தட்டி, அனுப்பிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.