மாதா கண்ணாடியில் கீறல்

"லூர்துமேரி! மறுபடியும் கீறிட்டானுவ. சாயங்காலம் வந்து தேச்சுக் குடுத்துடு."

தெருவில் நின்றபடியே உத்தரவு போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார் மாதா கோயில் உபதேசியார் பாக்கியசாமி.

அடுப்படியில் இருந்த மருமகள் ஜோசப்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா அத்தை இது? போன வாரம்தானே தேச்சீங்க? தோள்பட்டை வலின்னு தூங்காம கெடந்தீங்களே!"

லூர்துமேரி பல்பொடி டப்பாவையும் நைந்த வேட்டித் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

செஞ்சி மாதா கோயிலில் சுரூபச் சிலைக்கு முன்னால் முதலில் நிஜக் கண்ணாடிதான் இருந்தது. திருநாள் கூட்டத்தில் யாரோ சாய்ந்து அது உடைந்துபோக, சாமியார் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்கி வந்தார். பிளாஸ்டிக் என்பதே அப்போது ஊருக்குப் புதுசு. கண்ணாடி மாதிரியே பளிச்சென்று இருந்தது. உடையாது, வாஸ்தவம். ஆனால் மோதிரம் பட்டால் கீறல், வளையல் பட்டால் கீறல். மாதாவைத் தொட்டு முத்தம் வைக்காதே என்றால் எந்தப் பொம்பளை கேட்பாள்?

கீறலைப் போக்க ஒரே வழிதான். தூசியைத் தண்ணீரில் அலசிவிட்டு, பல்பொடியைக் குழைத்துத் துணியில் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். மணிக்கணக்காகும். அவசரப்பட்டு அழுத்தினால் பலகையே மங்கிவிடும். அந்தப் பொறுமை லூர்துமேரிக்கு இருந்தது.

இருந்தது என்ன, அதுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது. மகள் ரோஸ்மேரி தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சோற்றுத் தட்டு வைத்த இடத்திலேயே காயும். உபதேசியார்தான் ஒருநாள் வந்து, "மாதா முகமே தெரியலை, உன்னை விட்டா யாரும் இல்லை" என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனார்.

அந்த நன்றிக்காகத்தான் ஜோசப்பின் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நன்றிக்கும் ஒரு அளவு உண்டு இல்லையா?

போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தனை பேர் முன்னால், "ஜோசப்பின், முதல்ல அந்த மோதிரத்தைக் கழட்டு" என்று வேறு சொல்லிவிட்டார். மானமே போய்விட்டது.

"கீறுறது எவன்னு நான் புடிக்கிறேன்" என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள், உச்சி வெயில். கோட்டைமலைப் பாறை கொதித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஈ, காக்கை இல்லை. ஜோசப்பின் கோயிலுக்குள் நுழைந்து சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உபதேசியார் வந்தார். அவரும் திருடனைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

அவர் மாதா முன் முழங்கால் போட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்து, ஜிப்பா பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துப் பலகையில் சரக் சரக்கென்று தேய்த்தார்.

"உபதேசியாரே!"

உப்புத்தாள் கீழே விழுந்தது.

"நீங்களா? என் மோதிரத்தைக் கழட்டச் சொல்லிட்டு, நீங்களா இந்த வேலை பண்றீங்க?"

"கத்தாத பொண்ணு. சாமியார் காதுல விழுந்தா என் வேலை போயிடும்."

"போவட்டுமே! எங்க அத்தை தோளு போவுதே, அது பரவால்லியா?"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மொத தடவை தேச்சு முடிச்சு, பலகை பளிச்சுனு ஆச்சே. அப்புறம் உங்க அத்தை இன்னா பண்ணா? யோசிச்சுப் பாரு."

ஜோசப்பின் யோசித்தாள். வேலை முடிந்தது என்று வந்தவள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மறுபடியும் தட்டில் சோறு காய்ந்தது. புதுக் கீறல் விழுந்திருக்கிறது என்று உபதேசியார் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

"தேஞ்சுபோன உப்புத்தாள்தான் பொண்ணு. ஆழமா கீறல. தேச்சா போயிடும்" என்றார் அவர், குற்றம் செய்த பிள்ளை மாதிரி.

ஜோசப்பினுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"உங்க அத்தைக்குத் தெரியவேணாம்."

"மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் அத்தைக்குத் துணையாக அவளும் போனாள். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் அதிகமாகவே நடித்தாள்.

"பாருங்க அத்தை, எந்தப் பாவியோ கீறி வெச்சிருக்கான். அவன் கை வெளங்காமப் போவ!"

வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்த லூர்துமேரியின் கை நின்றது.

"அப்படிச் சொல்லாதடி. உபதேசியார் கை நல்லா இருக்கட்டும்."

ஜோசப்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"மோதிரம் கீறினா கண்டபடி குறுக்கும் நெடுக்கும் விழும். இது எப்பவும் மாதா முகத்தை விட்டுட்டு ஓரமாத்தான் விழுது. இவ்ளோ பயபக்தியா கீறுற ஆளு நம்ம ஊர்ல வேற யாரு இருக்குறா?"

"தெரிஞ்சுமா தோளு வலிக்கத் தேய்க்கிறீங்க?"

லூர்துமேரி துணியில் இன்னும் கொஞ்சம் பல்பொடியைத் தொட்டுக்கொண்டாள்.

"எனக்காவ ஒரு மனுசன் மாதாகிட்டயே பாவம் பண்ணிட்டுப் போறாருடி. அதைத் தொடைக்காம நான் எப்படிப் படுத்துக் கெடக்குறது?"