மீசைக்கு வந்த பிரேக்

"டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காதே, பிரேக்ல அடி!"

கூடத்தில் மண்டியிட்டிருந்த மீசைக்காரர் கத்தினார். அவருடைய மலைச் சைக்கிள் ஒரு பழைய போர்வை மேல் சோபாவில் சாய்ந்து நின்றது. முன்பக்க பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சக்கரம் அசைய மறுத்தது.

மனைவி டார்ச்சைத் திருப்பினாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதான் புரியலை. அழுத்தினா உள்ளே போகுது, வெளியே வர மாட்டேங்குது. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி."

"எங்கம்மா வீட்டுல நீங்க என்னிக்காவது ஒரு ராத்திரி முழுசாத் தங்கியிருக்கீங்களா? பேச்சைப் பாரு!"

மீசைக்காரர் லீவரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். விடிந்தால் பந்தயம். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, அவரவர் சைக்கிளில். எதிராளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். போன வாரம் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த இடத்தில் பேச்சு வளர்ந்து சவாலாகிவிட்டது. தோற்றவர் மீசையை மழித்து, அந்த முகத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். விடியும்போது உச்சிக்கு வந்து சேராதவரும் தோற்றவர்தான். சவாலை முதலில் விட்டது மீசைக்காரர். விடும்போது இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டே விட்டார்.

அது லேசுப்பட்ட மீசை இல்லை. அதற்கென்று தனிச் சீப்பு, தனி மெழுகு, குளியலறையில் தனி அலமாரி. மனைவியின் சாமான்கள் ஜன்னல் விளிம்பில் இருந்தன.

"மண்ணு புகுந்திருக்கும்" என்று லீவரின் மூட்டைப் பழைய பல் பிரஷால் தேய்த்தார். மண் வந்தது. லீவர் வரவில்லை.

"கீழே கட்டைங்க பிடிச்சிருக்கும்" என்று சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை ஸ்பூன் காம்பால் நெம்பினார். கட்டைகள் விலகின. லீவர் மட்டும் பிடிவாதக் குழந்தை மாதிரி அங்கேயே கிடந்தது.

கடைசியில் லீவருக்கு மேலே, பிரேக்குக்கு அழுத்தம் தரும் எண்ணெய் இருக்கும் சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர், மழையில் நனைந்த மரக்கதவு மாதிரி உப்பியிருந்தது.

சைக்கிள் கடை மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ரப்பர் உப்பியிருக்கா சார்? அப்போ வேற ஏதோ எண்ணெய் கலந்திருக்கு. அதுக்குன்னு இருக்கற எண்ணெயைத்தான் ஊத்தணும். உள்ளே எல்லா ரப்பரும் ஊதியிருக்கும், மொத்தமா மாத்தணும். வெளியூர்ல இருந்து சாமான் வர ஒரு வாரம் ஆகும்."

போனை வைத்துவிட்டு அவர் எகிறினார். "நான் வேற எண்ணெய் ஊத்துவேனா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உனக்கே பாடம் எடுத்திருக்கேனே!"

"காது புளிக்கற அளவுக்கு எடுத்திருக்கீங்க."

"அப்போ யாரு?" சட்டென்று அவர் கண்கள் சுருங்கின. "உங்கண்ணன்! முந்தாநாள் வந்து சைக்கிளைத் தடவித் தடவிப் பார்த்தாரே!"

"எங்கண்ணன் எறும்பைக்கூட மிதிக்காதவர். அவரைப் போய்..." மனைவி மூக்கை உறிஞ்சி, முந்தானையால் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மச்சானே போன் செய்தார்.

"மாப்ளே, ஒரு சின்னச் சந்தேகம். என் சிநேகிதன் ஒருத்தன் சைக்கிள்ல பிரேக் லீவர் ஒட்டிக்கிச்சாம். நீங்கதான் இதுல புலியாச்சே, என்ன பண்ணலாம்?"

மீசைக்காரருக்கு உச்சி சுட்டது. செய்வதையும் செய்துவிட்டுக் குசலம் வேறா? இவரிடம் இறங்கிப் போவதா?

"அது எப்படி மச்சான் எனக்குத் தெரியும்? என் சைக்கிள் வழுக்கிக்கிட்டு ஓடுது. காலையில உச்சியில பாக்கலாம், மீசைக்கு ஒரு தடவை சீப்புப் போட்டுட்டு வாங்க!"

"அப்படியா மாப்ளே... சந்தோஷம்" என்று சுருதி இறங்கிய குரலில் சொல்லி மச்சான் வைத்துவிட்டார்.

"பாத்தியா, மாட்டிக்கிட்டதும் குரலே போச்சு!" என்றார் மீசைக்காரர்.

ஆனால் குரல் போனால் லீவர் வருமா? விடிந்தது. சூரியன் மலைக்கு மேலே ஏறியது. சைக்கிள் சோபாவை விட்டு நகரவில்லை.

மனைவி வெந்நீரும் புது பிளேடும் கொண்டுவந்து வைத்தாள். "சொன்ன சொல்லுதானேங்க முக்கியம். முளைக்கற சாமான்தானே, விடுங்க."

"குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலைன்னு சொல்லுவாங்க" என்று கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இனிமே அப்படிச் சொல்லவும் வழியில்லை."

நான்கே இழுப்பு. முடிந்தது.

புது உதட்டைத் தடவிக்கொண்டே படம் எடுத்து, குடும்பக் குழுவைத் திறந்தார். அங்கே அவருக்கு முன்பே ஒரு படம் வந்து உட்கார்ந்திருந்தது. மச்சான்! மூக்குக்குக் கீழே மொழுமொழுவென்று, உரித்த முட்டை மாதிரி!

அப்படியானால் மச்சானும் உச்சிக்குப் போகவில்லையா? அந்தச் சிநேகிதன்...

மனைவியிடம் காட்டச் சமையலறைக்கு ஓடியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுலயும் எடுத்தாச்சா அண்ணி? என் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டிலே ரெண்டு மீசைக்கும் தாராளமாப் போதும்னு நான் அப்பவே சொன்னேன்ல!"