போயிட்டு வரேன்

மாணவர் விசாவுக்கு இப்போதெல்லாம் கேள்விகள் கிடையாது. போகிறவர்கள் படித்து முடித்துத் திரும்பி வருவார்களா என்பதுதான் தூதரகத்துக்குத் தெரிய வேண்டும். அதற்கு, வீட்டிலிருந்து கிளம்புவதுபோல அம்மாவிடம் சொல்லிக்கொண்டால் போதும். அங்கிருக்கும் இயந்திரம் குரலைக் கேட்டு, சொன்னது உண்மையா பொய்யா என்று முடிவு சொல்லிவிடும்.

இயந்திரத்தின் முன்னால் பெனிட்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றாள்.

திரையில் எழுத்துகள் வந்தன. 'போயிட்டு' உண்மை. 'வரேன்' பொய். விசா மறுக்கப்படுகிறது.

"மெஷினுக்கு என்ன தெரியும், விடு," என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் வீட்டில் பால் இல்லை. பெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேம்மா" என்றாள்.

எப்போதும் "போயிட்டு வா" என்கிற அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே, "பாத்துப் போ" என்றாள்.